முதலில் கீழ்க்காய்நெல்லி, பிறகு சாராயம்

நோர்வேயில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு வானொலி போட்டுவிடுகிறார்கள். சத்தத்துக்குப் பழகாத எலி, திடீரென்று சத்தம் கேட்டால் பயந்துவிடுமாம். பயந்த எலியின் ஈரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். ஊரில், பள்ளிமுனையில், எங்கள் வீட்டில் எலி என்றால் மீன்வலையைக் கடித்து நாசமாக்கும் சனியன், அப்பா செருப்போடு துரத்துவார். இங்கே அதே சனியனுக்கு நான் காலை வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரில் மஞ்சள்காமாலைக்குக் கொடுக்கும் கீழ்க்காய்நெல்லிச் சாற்றைச் சில நாட்கள் எலிக்குக் கொடுத்து, பிறகு ஈரலைக் கெடுக்கும் நஞ்சைக் கொடுத்து, ஈரல் எவ்வளவு தப்பியது என்று பார்ப்பதுதான் என் வேலை. போன வருடம் ஊருக்குப் போனபோது, முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மச்சாள் கேட்டதால் இதை விளக்கினேன். மச்சாளின் கணவர், என் அன்ரன் அண்ணா, பக்கத்திலிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார். அவருக்கு ஈரல் பழுது. இனிச் சாராயம் ஒரு சொட்டும் தொடக்கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார்.

இன்று மதியச் சாப்பாட்டு நேரம் மச்சாள் வீடியோவில் அழைத்து அழுதார். "உங்கட அண்ணன் திரும்பவும் குடிக்கிறார். கேட்டா உங்களைச் சாட்டுறார்."

அண்ணா போனைப் பறித்தார். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

"இவள் ஏன் கத்துறாள்? நான் முறைப்படிதான் செய்யிறன், தங்கச்சி. விடிய கீழ்க்காய்நெல்லி, பின்னேரம்தான் சாராயம். முதல் மருந்து, பிறகு நஞ்சு எண்டு நீதானே சொன்னனீ?"

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "அண்ணா, அது நல்ல ஈரல் உள்ள எலி! உங்கட ஈரல் ஏற்கெனவே பழுது!"

"நோர்வே எலிக்குச் சரிவாறது எனக்குச் சரிவராதோ?" என்று சிரித்தார்.

"கடைசியில எல்லா எலியையும் சாகடிச்சுப்போட்டுத்தான் ஈரலை வெட்டிப் பாக்கிறனாங்கள். அதுவும் முறைதான். செய்வமோ?"

சிரிப்பு நின்றது. போனை மச்சாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பயந்தாரா, கோபித்தாரா, எனக்குத் தெரியவில்லை.

நான் போட்ட கூச்சலில் கூட வேலை செய்யும் இங்க்ரிட் ஓடிவந்தாள். என்ன நடந்தது என்றாள். அழுகையில் நோர்வே மொழி பாதிதான் வாயில் வந்தது. "முதலில் சாறு, பிறகு நஞ்சு, ஈரல் போகிறது" என்றேன்.

"எந்தக் கூண்டு?" என்று கேட்டாள், கையுறையை மாட்டிக்கொண்டே.

பள்ளிமுனை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு எலிகள் இருந்த அறைக்குள் போனேன். இங்கே ஒவ்வொரு எலியும் இன்று என்ன குடித்தது என்று எனக்குத் தெரியும். ஊரில் இப்போது பின்னேரம். வானொலி பாடிக்கொண்டிருந்தது.