காணாமல் போன காரும் என் கணவர் சுமந்த பழியும்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, என் பேர் ஆரோக்கியம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பட்டதைச் சொல்கிறேன்.

1958-ம் வருடம், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம். என் கணவர் சவரிமுத்து ஸ்ரீரங்கத்தில் ஒரு வியாபாரி வீட்டில் கார் டிரைவர். நாங்கள் குடியிருந்தது திருச்சி பாலக்கரையில். ஒரு நாள் மத்தியானம் காரை முதலாளி வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை வழக்கம்போல உள்ளே ஆணியில் மாட்டிவிட்டு, கொல்லைப்பக்கம் சாப்பிடப் போனார். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் வாசலில் கார் இல்லை.

அவர்தான் முதலில் சத்தம் போட்டார். அவர்தான் போலீசுக்குச் சொல்லலாம் என்றார். முதலாளியோ, "சாவி உன்கிட்டதானே இருந்துச்சு? யாருக்கு வித்தே?" என்று கேட்டார். ஒன்பது வருடம் அந்த வீட்டுக்கு உழைத்த மனிதரை அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். மறுநாள் சோறு கொண்டுபோனேன். முகம் வீங்கியிருந்தது. "இந்தக் காது அடைச்ச மாதிரி இருக்கு, ஆரோக்கியம். கொஞ்சம் சத்தமாப் பேசு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தினமும் என்னோடு குழாயடியில் நின்றவர்கள்கூட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்கள். மாதா பீடத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "தாயே, அந்தக் கார் எக்கேடு கெட்டாலும் போகட்டும். பார்த்தவர்களில் ஒருவரையாவது எனக்குக் காட்டு" என்று கேட்டேன்.

அங்கிருந்தே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். முதலாளி வீடு இருக்கும் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். "அன்னைக்கு மத்தியானம் காரை யார் எடுத்தாங்கன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டேன். சிலர் கதவையே திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விடுவேன் என்றார்கள்.

முதலாளி வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு மாமி கதவைத் திறந்தார். அவரிடமும் அதையே கேட்டேன்.

"பார்த்தேன்டியம்மா. அந்த ஆத்துப் பிள்ளையேதான் ஓட்டிண்டு போனான்."

"ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களாம்மா?"

"எங்காத்துக்காரர் அவா கடையிலதான் உத்தியோகம் பார்க்கறார்" என்றவர் உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நான் படி இறங்கினேன். பின்னாலேயே செருப்புச் சத்தம். "இரு, வரேன். பெருமாளைச் சேவிச்சுட்டு இதை எப்படி மறைக்கறது?" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் அந்தப் பையனை விசாரித்தார்கள். கார் தஞ்சாவூரில் ஒரு ஷெட்டில் இருந்தது. விற்பதற்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தானாம். முதலாளி புகாரை வாபஸ் வாங்கினார். மகனை மெட்ராசுக்கு அனுப்பினார். என் கணவரிடம், "சரி விடு, நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றார். தவறாக நினைத்துவிட்டேன் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இவர் போகவில்லை. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். இடது காது கேட்காமலே போய்விட்டது.

அந்த மாமியின் கணவருக்கும் கடையில் வேலை போயிற்று. நான் அழுதுகொண்டே போய் நின்றபோது, "நீ ஏன்டி அழறே? உன் புருஷன் ஆத்துக்கு வந்தாச்சோன்னோ?" என்றார்.

நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார். பார்த்தவர் ஒருவரைக் கேட்டேன், தன் பிழைப்பைப் பணயம் வைத்துப் பேசுகிறவரையே கொடுத்தார். அதுவரை ஜெபமாலையை வாயால் சொன்னவள் நான். அதற்குப் பிறகுதான் மனதால் சொல்லுகிறேன். உங்களில் யாருக்காவது பொருளோ பேரோ பறிபோயிருந்தால் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து போய் நாலு பேரை விசாரியுங்கள். அவர் யாரை வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

அந்த மாமிக்காக ஒரு நாளும் தவறாமல் வேண்டுகிறேன். முதலாளிக்காக வேண்ட மட்டும் இன்னும் வாய் வரவில்லை. அந்த மனதைத் தரும்படி எனக்காக நீங்கள் கேளுங்கள்.