நாற்பத்தொரு பக்கம் பாக்கி

ஜெனிவால் பிமென்டெல் எங்கள் சிறை அறைக்கு வந்தபோது அவனுக்கு நாற்பத்தாறு வயது, படிப்பு ஐந்தாம் வகுப்பு. கொலட்டீனா ஊர்க்காரன். இருபது வருடம் காப்பி மூட்டை லாரி ஓட்டியவன், யாரோ திருடிய முந்நூறு மூட்டையை ஏற்றிக்கொண்டு போய் மாட்டினான். திருடியவர்கள் வெளியே இருக்கிறார்கள், ஓட்டியவன் உள்ளே. திருட்டுச் சரக்கென்று தெரியாதா என்று கேட்டால், "தெரியும். ஆனா நான் கேக்கலயே" என்பான். அவன் மூளை அவ்வளவுதான்.

என்னை இங்கே எல்லாரும் வாத்தியார் என்பார்கள். நான் வாத்தியார் இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, செத்தவர்களின் கையெழுத்தில் நிலம் விற்றுக் கொடுத்தவன். உள்ளே வந்த பிறகும் எழுத்துத்தான் சோறு போடுகிறது. இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கைதி ஒரு மாதத்தில் ஒரு புத்தகம் படித்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் காட்டினால், தண்டனையில் நான்கு நாள் குறையும். படித்தால் மனிதன் திருந்திவிடுவான் என்று எந்தப் புண்ணியவானோ நம்பியிருக்கிறான்.

அந்த ஒரு பக்கத்தை நான் எழுதிக் கொடுப்பேன். கூலி, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து வரும் சோளமாவு கேக்கில் பாதி. புத்தகத்தைப் படிக்கவெல்லாம் மாட்டேன். முதல் பத்துப் பக்கத்தைப் புரட்டி ஆட்களின் பெயரைப் பொறுக்கிக்கொள்வேன். கதாநாயகன் தப்பு செய்வான், மனம் வருந்துவான், கடைசியில் செத்துப்போவான். "இந்நூல் எனக்குத் திருந்தக் கற்றுத் தந்தது" என்று முடிப்பேன். ஏழு வருடத்தில் முந்நூறு பேரையாவது இப்படிக் கொன்றிருக்கிறேன். பரீட்சை வைக்கும் பள்ளிக்கூடத்து அம்மா தோனா சுலேய்க்கா ஒவ்வொரு சாவுக்கும் தலையாட்டி மதிப்பெண் போடுவாள்.

ஜெனிவாலுக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம். அவன் விடுதலை மே பதினெட்டு, திங்கட்கிழமை. மகள் ஜுசேலியாவின் கல்யாணம் பதினாறு, சனிக்கிழமை. மாப்பிள்ளைக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. பத்தொன்பதாம் தேதி ஏறியாக வேண்டும், தேதியைத் தள்ள முடியாது. நான்கு நாள் குறைந்தால் இவன் வியாழக்கிழமையே வெளியே போய், தலைக்கு எண்ணெய் தடவி, மகள் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் நடந்து போகலாம். ஆனால் மார்ச் மாதமே எழுதிக் கொடுத்தால்தான் மே மாதம் நீதிபதியின் கையெழுத்து வரும். அதற்குப் பிறகு எழுதுவது குப்பைக்கு.

"மெலிசா ஒண்ணு எடுத்துக்கிட்டு வாடா" என்று சொல்லித்தான் சிறை நூலகத்துக்கு அனுப்பினேன். அவன் போன நேரம் மெலிந்ததையெல்லாம் மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அட்டை கிழிந்த ஒரு தடியனைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். அன்செல்மோ என்ற படகுக்காரன், ஓடிப்போன தம்பியைத் தேடி ஆற்றில் எதிர்த்துப் போகிறானாம். பத்துப் பக்கத்துக்குமேல் எனக்கும் தெரியாது.

நான் எழுதி முடிக்கும்வரை பொழுது போகட்டும் என்று அதைப் பிரித்தான். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதட்டை அசைத்து, மாடு அசைபோடுவது மாதிரி ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஒரு வாரத்தில் உதடு நின்றது. அடுத்த வாரம் விரலும் போயிற்று. பீன்ஸும் சோறும் ஆறிக் கிடக்கும், இவன் படகில் இருப்பான். சில நேரம் தனியாகச் சிரிப்பான்.

"என்னடா இளிக்கிற?"

"இல்ல வாத்தியாரே, இவன் துடுப்ப அடமானம் வச்சுட்டுத் திமிரா பேசறான் பாரு. எங்க முதலாளியும் இப்படித்தான்."

"உனக்கு அவன் மாமனா மச்சானா?"

"நீ படிச்சதே இல்லையா, இந்த மாதிரி?"

ஐந்தாம் வகுப்பு என்னைக் கேட்கிறது.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு என் பக்கத்தை அவனிடம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். படித்தான். முகம் வெளுத்தது.

"அன்செல்மோ சாகறானா?"

"சாவான்."

"முடிவ ஏன் சொன்ன? யாரு கேட்டா உன்ன? இன்னும் நூத்தி இருவது பக்கம் இருக்கு எனக்கு."

அது நான் கட்டிவிட்ட சாவு, எனக்கே தெரியாது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. பிறகு நம்பி, இன்னும் கோபப்பட்டான். "உயிரோட இருக்கிற மனுசன சாகடிச்சு எழுதிருக்க. தம்பியப் பாத்தானா இல்லையான்னு தெரியாம நான் எப்படி எழுதறது?" என் தாளை நாலாக மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தான். மூன்று நாளும் என்னோடு பேசவில்லை. காப்பி மூட்டை முந்நூறு விஷயத்தில் வராத மனசாட்சி, காகிதப் படகுக்காரன் ஒருவனிடம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பரீட்சையன்று நானும் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். ஒன்றரை மணி நேரம். ஜெனிவால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் தாளிலிருந்த வரிகள் அவனுக்குத் தெரியும், ஒரு தடவை கேட்டால் வழியை மறக்காத லாரிக்காரன் அவன். கடைசியில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தான். தோனா சுலேய்க்கா அதை உரக்கப் படித்தாள்: "இன்னும் நாற்பத்தொரு பக்கம் பாக்கி. முடிக்காமல் எதுவும் சொல்ல முடியாது."

"உங்க பொண்ணு கல்யாணம்னு சொன்னாங்களே செஞோர் ஜெனிவால். ஏதாவது நாலு வரி எழுதுங்களேன், நான் பாத்துக்கறேன்" என்றாள். அவளுக்கே பொறுக்கவில்லை.

"முடிக்கலைங்க" என்றான்.

தேறவில்லை. அறைக்கு வந்து, அந்த நாற்பத்தொரு பக்கத்தையும் இரண்டு நாளில் முடித்தான். முடிவைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு மட்டும் "தேறல" என்று சொல்லி அனுப்பினான். ஐந்தாம் வகுப்புக்காரனை யாரோ மெத்தப் படித்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணை மாமன்காரன் கைப்பிடித்துக் கூட்டிப் போனானாம். மறுநாள் ஞாயிறு, கைதிகளைப் பார்க்கும் நாள். ஜுசேலியா வந்தாள். தலையில் நேற்றைய பூமுடிச்சு கலையாமல் இருந்தது. அன்று சாயங்காலமே புருஷனோடு, அவன் வேலைக்கு ஏறும் மக்காயே ஊருக்குப் பஸ் ஏறுகிறாள், திங்கட்கிழமை அப்பன் வெளியே வரும்போது அவள் ஊரில் இருக்கப்போவதில்லை. கல்யாண கேக் கொண்டுவந்திருந்தாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள், முற்றத்தில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றேன். என்னைப் பார்க்க யாரும் வருவதில்லை.

"விடுங்கப்பா" என்றாள் அவள். "அவங்க உங்கள ஃபெயில் ஆக்குனா நீங்க என்ன செய்வீங்க? நீங்க முயற்சி பண்ணீங்கள்ல, அது போதும் எனக்கு."

வாயை மூடிக்கொண்டு கேக்கைத் தின்றிருக்கலாம். மன்னிப்பு தட்டில் வைத்து வந்திருக்கிறது, வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு? இந்த முட்டாள் எல்லாவற்றையும் சொன்னான். என் தாள், தோனா சுலேய்க்கா கெஞ்சியது, இரண்டு வரி, பாக்கியிருந்த பக்கம், எல்லாம்.

அவள் கத்தவில்லை. தட்டை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தும்வரை நாலு பக்கமும் அழுத்தினாள். எழுந்து நின்று, "அடுத்த கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடறேன்ப்பா. சின்னப் புத்தகமாப் பாத்து எடுத்துக்கங்க" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அறைக்கு வந்ததும் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். எனக்கு அவனை இன்னும் கொஞ்சம் குத்த வேண்டும் போலிருந்தது.

"ஏன்டா, அந்தப் பரீட்சைய மறுபடி வச்சா, நான் குடுத்தத எழுதுவியா?"

எழுதுவேன் என்று சொல்வான், அதோடு விட்டுவிடலாம் என்றுதான் கேட்டேன். உண்மையாகவே யோசித்தான், அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

"மாட்டேன் வாத்தியாரே" என்றான். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தானே பயந்தவன் மாதிரி என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, மகள் பெயரைச் சொல்லி அழுதான். காலையில் ஏழு மணிக்கு அவனை வெளியே விட்டார்கள்.