நாட்டுக்கோழி முட்டையின் சாட்சி

கோழிக்கொட்டகைச் சாவி எப்போதும் அமிர்தத்தின் முந்தானையில்தான் முடிந்திருக்கும். எண்பத்து நாலாம் வருடம் ஆடி பிறந்ததும் அது அவளுடைய நாத்தனார் காளியாயியின் இடுப்புக்குப் போனது. பிடுங்கிக்கொண்டாள் என்று சொன்னால் பாவம். "கொஞ்ச நாளைக்கு நீ அந்தப் பக்கம் போவாம இரு தாயி, என்னதான் ஆவுதுன்னு பார்ப்போம்" என்று தன்மையாகக் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். கத்தியிருந்தாலாவது அமிர்தமும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

விஷயம் இதுதான். மாசியில் வெள்ளைக்கோழிக் குஞ்சுகள் வந்து இறங்கிய சமயம் அமிர்தம் ஊரில் இல்லை. காலொடிந்து கிடந்த தாயாரைப் பார்த்துக்கொள்ளப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். காளியாயிதான் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டாள். அமிர்தம் திரும்பி வந்து வளர்த்து ஆளாக்கிய பிறகு, முட்டையிட வேண்டிய வயதில், கொட்டகையில் பாதிக் கோழிகள் முட்டையே இடவில்லை. நோஞ்சானாக இருந்தாலாவது காரணம் புரியும். கொண்டை செக்கச்செவேலென்று, உடம்பு மினுமினுவென்று இருந்தன. வேளை தவறாமல் முட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்தன, கேறின, எழுந்து வந்தன. பெட்டியில் மட்டும் ஒன்றும் இல்லை.

கல்யாணமாகிப் பல வருடமாகியும் அமிர்தத்துக்குக் குழந்தை கிடையாது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "அவ கையால தீனி போட்டா வேற எப்படி இருக்கும்" என்று குழாயடியில் யாரோ சொன்னது, குடம் நிறைவதற்குள் அவள் காதுக்கு வந்துவிட்டது. "நான் பார்த்துக்கிட்ட வரைக்கும் குஞ்செல்லாம் குதிச்சுக்கிட்டுதான் கெடந்துச்சு" என்று காளியாயியும் போகிற போக்கில் சொல்லி வைத்தாள். அடுத்த குஞ்சுகளைத் தன் மருமகள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் யோசனை. அமிர்தத்தின் புருஷன் வீரமலை நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வீட்டில் பேச்சு முற்றும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்கள். அவனும் போனான்.

அமிர்தத்துக்கு அந்தக் கொட்டகைதான் எல்லாம். விடிந்ததும் கதவைத் திறந்தால் அத்தனை தலையும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பும். இந்த உலகத்தில் அவளைப் பார்த்ததும் ஓடி வருகிற உயிர்கள் அவைதான். சாவி போனதில் அழுதாள், பிறகு கோபம் வந்தது. கோபத்தோடு, கொட்டகை திறந்திருந்த நேரம் பார்த்து ஒரு கோழியைப் பிடித்துப் பைக்குள் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, பஸ் ஏறி மன்னார்புரத்தில் இறங்கினாள். அங்கே கால்நடை நோய்களுக்கு ஒரு சின்ன ஆய்வுக்கூடம் இருந்தது.

டாக்டர் அற்புதசாமி கோழியை அறுத்துக் காட்டினார். வயிற்றுக்குள் மஞ்சள் கருக்கள் உடைந்து குளமாகக் கிடந்தன. முட்டை இறங்கி வர வேண்டிய குழாய் பாதியிலேயே சூம்பிப் போயிருந்தது.

"தினமும் கரு உருவாயிருக்கு. வெளிய வர்றதுக்குத்தான் வழியில்ல" என்றார்.

அமிர்தம் குனிந்து பார்த்தாள். "ஏங்க இப்படி ஆச்சு?"

"குஞ்சா இருக்கிறப்ப ஒரு சளிக்காய்ச்சல் வந்திருந்தா இப்படி ஆகும். சளி போயிடும், கோழியும் தெளிஞ்சிடும். ஆனா அந்தச் சின்ன வயசுலயே குழாயைக் கெடுத்துட்டுப் போயிடும். குஞ்சுல தும்முச்சா?"

அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து காளியாயியிடம் கேட்டாள். "தும்மலா? அதெல்லாம் ஒண்ணுமில்லையே" என்றாள் அவள், முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். குழாய் சூம்பியிருந்த கதையைக் கேட்டு, "பார்த்தியா, வயித்துலயே கோளாறு" என்று தலையை ஆட்டிக்கொண்டாள். ஆக, அறுத்துப் பார்த்தது எரிகிற ஊர்ப்பேச்சில்தான் எண்ணெய் ஊற்றியது.

மறுபடி மன்னார்புரம். சளி வந்ததா இல்லையா என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

"கிருமி எப்பவோ போயிடுச்சும்மா, அதைப் பிடிக்க முடியாது" என்றார் டாக்டர். "ஆனா அதை எதிர்த்துச் சண்டை போட்ட சத்து ரத்தத்துல தங்கியிருக்கும். அதைப் பார்க்கலாம்."

அந்தக் கிருமியைப் பற்றியும் சொன்னார். சாதாரண மைக்ராஸ்கோப்புக்கே அகப்படாத பொடிசு. தானாக வளராது, உயிருள்ள உடம்புக்குள் புகுந்து அந்த உடம்பைக்கொண்டே தன்னைப்போலப் பல உண்டாக்கிக்கொள்ளும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் அதைக் கருக்கூடிய முட்டைக்குள் வளர்க்கிறார்கள். பெரிய மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள், உருண்டையைச் சுற்றி முள்முள்ளாக, கிரகணத்தன்று சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிபோல இருப்பதைக் கண்டு கொரோனா என்று பெயர் வைத்தார்களாம்.

"அந்த முள்ளாலதான் உடம்புல ஒட்டும். ரத்தத்துல இருக்கிற சத்து போயி முள்ளை மூடிடுச்சுன்னா ஒட்ட முடியாது."

சேலையில் நெருஞ்சி ஒட்டுகிற மாதிரி என்று அமிர்தம் புரிந்துகொண்டாள்.

சோதனையை டாக்டரின் உதவியாளர் பேட்ரிசியா விளக்கினாள். சில முட்டைகளில் கிருமியை மட்டும் செலுத்துவார்கள். உள்ளே இருக்கும் குஞ்சு சுருண்டு குட்டையாகிவிடும். வேறு சிலவற்றில் கிருமியோடு அமிர்தத்தின் கோழியை அறுத்தபோதே ரத்தத்திலிருந்து எடுத்து வைத்திருந்த தெளிநீரைக் கலந்து செலுத்துவார்கள். அந்தக் குஞ்சு நன்றாக வளர்ந்தால், ரத்தத்தில் சத்து இருக்கிறது, கோழிக்கு நோய் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

"ஆனா கருக்கூடின முட்டை எங்ககிட்ட தீர்ந்துபோச்சு. கொட்டகை முட்டை ஆகாது, அங்க சேவல் கெடையாது. நல்ல நாட்டுக்கோழி முட்டையா கொண்டாங்க."

நல்ல முட்டை என்றால் அமிர்தம் எங்கே போவாள்? சந்தையில் எவள் எத்தனை நாள் பழசை விற்கிறாளோ யார் கண்டது. தன் வீட்டு நாட்டுக்கோழிகளின் முட்டையையே தவிட்டில் அடுக்கி, தேர்த்திருவிழாவுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தாள். யார் வீட்டு முட்டை என்று பேட்ரிசியா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாட்டுக்கோழிகள் கொட்டகையைச் சுற்றித்தான் பொழுதெல்லாம் மேயும், சிந்துகிற தீனிக்கு வெள்ளைக்கோழிகளோடு வலை வழியே மூக்கை உரசும். அது ஒரு விஷயமாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

முடிவு தெரிகிற அன்று போனாள். பேட்ரிசியாவின் முகம் சரியில்லை.

"சோதனை கெட்டுப்போச்சுங்க. கிருமி மட்டும் போட்ட முட்டையிலகூட குஞ்சு ஜம்முனு இருக்கு. கிருமியே ஒட்டல."

அமிர்தம் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நாட்டுக்கோழி முட்டைகூடத் தனக்கு எதிராகப் போய்விட்டதே என்று இருந்தது. தன் கையில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறதோ என்று முதல்முறையாக அவளே சந்தேகப்பட்டாள். அந்த நிமிஷத்தை நினைத்தால் அவளுக்குப் பின்னாளிலும் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

டாக்டர் மட்டும் அந்தக் குஞ்சுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாரு வீட்டு முட்டைம்மா?"

"எங்க வீட்டுதாங்க. கொட்டகையைச் சுத்தி மேயுற கோழிங்க."

அற்புதசாமி சிரித்துவிட்டார். பேட்ரிசியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கெட்டுப்போகல, பேட்ரிசியா. இந்தத் தாய்க்கோழிங்களுக்கும் அதே சளி வந்திருக்கும்போல. வந்திருந்தா, அந்தச் சத்தை மஞ்சக்கருவுல வச்சுக் குஞ்சுக்குக் கொடுத்திருக்கும். நாம போட்ட கிருமியை அது மூடிடுச்சு. ஆனா இதை நம்பிச் சொல்ல முடியாது. கொட்டகையே இல்லாத இடத்து முட்டை வேணும்."

மறுநாள் அமிர்தம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். கோபுரத்தைச் சுற்றிய வீதிகளில் கோழி முட்டை விசாரித்தால் என்ன மரியாதை கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் கொள்ளிடக்கரை வரை நடந்தாள். அங்கே ரோசம்மாள் என்று ஒருத்தி, வாழைத்தோப்புக்குள் நாலைந்து கோழி வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தில் கொட்டகை உண்டா, கோழி தும்மியதுண்டா என்று அமிர்தம் துருவித் துருவிக் கேட்டதில், "முட்டை வாங்க வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா?" என்றாள் ரோசம்மாள்.

இந்த முறை முட்டை உடைக்கிற அன்று வீரமலையையும் காளியாயியையும் கையோடு அழைத்துப்போனாள். தான் போய்ச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

பேட்ரிசியா முதல் முட்டையை உடைத்தாள். கிருமி மட்டும் போட்டது. குஞ்சு கட்டைவிரல் அளவுக்குச் சுருண்டு, கால்கள் தலையை இறுக்கிக்கொண்டு கிடந்தது. அடுத்தது, கிருமியோடு அமிர்தத்தின் கோழித் தெளிநீர் கலந்தது. குஞ்சு முழுசாக, இறகு முளைவிட்டு இருந்தது. அடுத்ததும் அப்படியே. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். இந்தக் கோழிகளுக்கு நோய் வந்து போயிருக்கிறது. குழாய் இப்படிச் சூம்பியிருப்பதால், குஞ்சாக இருந்தபோதே வந்திருக்க வேண்டும். காற்றில் வருவது. இனி இவை முட்டையிடாது. கொட்டகையைக் காலி செய்து, கழுவிக் காயப்போட்டு, நாட்டுக்கோழிகளை அண்டவிடாமல் புதுக் குஞ்சு விட வேண்டும்.

காளியாயி பஸ்ஸுக்காக மன்னார்புரத்தில் நிற்கும்போதுதான் பேசினாள்.

"தும்முச்சு" என்றாள். "வந்த ரெண்டாம் வாரம். பொழுதுக்கும் தும்முச்சு. மஞ்சத்தண்ணி குடுத்தேன், சரியாப் போச்சு. நீ வந்து ஏதாச்சும் சொல்லுவியோன்னு சொல்லாம விட்டுட்டேன்." இடுப்பில் இருந்த சாவியை எடுத்து நீட்டினாள். "அப்ப எங் கைதானா, அமிர்தம்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆடியிலிருந்து அமிர்தம் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் தீர்ந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மலடிப் பட்டம் எப்படிச் சுடும் என்று அந்த பஸ் நிறுத்தத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"கைக்கு இதுல என்னா வேலை, அண்ணி. அது சளி" என்றாள். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீரமலை பக்கத்தில் நின்றிருந்தான். அங்கே தண்ணீர் காட்ட மாடு எதுவும் இல்லை. செருப்பால் தரையைக் கீறிக்கொண்டே, "அமிர்தம், நாமளும் ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போயி டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா? ரெண்டு பேருமே" என்றான்.

இத்தனை வருடத்தில் அந்த "ரெண்டு பேரும்" அன்றைக்குத்தான் அவன் வாயில் வந்தது. அமிர்தத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"முதல்ல நீங்க எடுங்க."