தங்கவேலுவின் கை சும்மா இருந்த நாள்

தங்கவேலு எங்கள் மஞ்சூரில் கல்யாண வீடியோ எடுப்பவன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவன் தும்மினால் என் வீட்டுப் பாத்திரம் அதிரும். அதனால் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு யார் உத்தரவும் வேண்டாம்.

நல்லவன். ஆனால் கை சும்மா இருக்காது. டீ பேக்டரியில் எலக்ட்ரீசியனுக்கு உதவியாக இருந்தபோது, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை, சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கழற்றினான். அத்தோடு அந்த வேலை போயிற்று. வீட்டு மிக்ஸியை வாரம் தவறாமல் பிரிப்பான். மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போன அவன் பெண்டாட்டி, பேரன் பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் திரும்பவில்லை. அம்மியில் அரைத்து அரைத்துத் தோள் போய்விட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நான் அவள் பக்கம்தான்.

வீடியோ வேலை மட்டும் அவனுக்கு ஒத்து வந்தது. கல்யாணத்தில் சாப்பிடக்கூட உட்காராமல் அலைந்து எடுப்பான். எடுத்ததையெல்லாம் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பான்.

வைகாசியில் எங்கள் ஊர் மகாலட்சுமிக்குக் கல்யாணம், வீடியோ தங்கவேலுதான். அவள் அப்பா வெள்ளியங்கிரி தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டியவர். நெஞ்சு கெட்டுப் படுக்கையில் கிடந்தவர், அன்றைக்கு எழுந்துவிட்டார். மண்டபத்து வாசலிலிருந்து மணமேடை வரைக்கும் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்புறம் ரொம்ப நாள் இல்லை, போய்ச் சேர்ந்தார்.

எழவு வீட்டு அழுகை ஓய்ந்ததும் அந்தப் பெண் தங்கவேலுவைத் தேடி வந்தாள். நானும் அங்கேதான் நின்றேன்.

"அண்ணா, அப்பா நடந்து வந்ததை மட்டும் எனக்குக் குடுங்க. காரியத்தன்னிக்குப் போட்டுப் பாக்கோணும். நான் பாக்கவே இல்லீங்க. தலையைக் குனிஞ்சுட்டே நடந்தேன்."

"அதுக்கென்னம்மா, நாளைக்கே தர்றேன்" என்றான். தரவில்லை. கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடியது. கேமராவில் இருந்த கார்டையோ அதற்குள் அழித்து வேறு வீட்டுக் காதுகுத்துக்குக் கொண்டு போயிருந்தான். அந்தக் கல்யாணம் இருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஓய்வே இல்லை. நாற்காலி இழுபடும், ஸ்க்ரூ கீழே விழும், நடப்பான், உட்காருவான், திட்டுவான், மறுபடி நடப்பான். வெளியில் ஆனி மழை. மகாலட்சுமி தினமும் வாசலில் வந்து நிற்பாள். அவன் உள்ளிருந்தே, "ஆயிட்டிருக்குதும்மா" என்பான். எனக்குப் பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராஜியைக் கையோடு கூட்டி வந்தேன்.

"பெட்டி எங்கண்ணா?" என்றாள் ராஜி.

அவன் மர பீரோவைத் திறந்தான். எங்கள் ஊரில் பல்பு எரியாத பீரோ கிடையாது. மூடுபனி புகுந்தால் துணியெல்லாம் பூசணம் பிடித்துவிடும், அந்தச் சூட்டுக்குத்தான் பல்பு. இவன் கம்ப்யூட்டர் பெட்டியையும் அதற்குள் வைத்து, ஒயரை மட்டும் ஓட்டை வழியாக வெளியே இழுத்து, கதவைச் சாத்தி ஓட்டியிருக்கிறான். ராஜி பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"இட்லியே வெந்துரும் போலிருக்குதுங்ணா!"

"ஈரம் எறங்கிரக் கூடாதுன்னுதானுங்க..."

"சரி, என்ன பண்ணுது?"

"சும்மா விட்டா நல்லா இருக்குதுங்க. ஏதாச்சும் படத்தைத் தொறந்தா, டிஸ்க்குல இருந்து எடுக்கத் தொடங்குனதும் எல்லாமே நின்னு போகுது. செவப்பு லைட்டு அணையறதே இல்லீங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"மெமரி வாங்கிப் போட்டேன். ஃபேனைத் தொடச்சேன். வைரஸ் பாத்தேன். டிஸ்க்கைச் சரிபாக்கறது ஒண்ணு இருக்குதல்லங்க, அதை ஓட்டுனேன்."

"எத்தனை தடவை?"

"ஓடி முடியறப்பெல்லாம் மறுக்கா ஓட்டுனேனுங்க."

ராஜி தலையில் கை வைத்துக்கொண்டாள். முதலில் கேபிளை மாற்றிப் பார்த்தாள். மாற்றம் இல்லை. அப்புறம் திரையில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படித்தாள்.

"ஹார்டு டிஸ்க்கே போயிட்டிருக்குதுங்ணா. சூட்டுல கெட்டிருக்கும். கெட்டுப்போன எடத்தைப் படிக்க முடியாம அது திரும்பத் திரும்ப முட்டுது. அதுவரைக்கும் மத்ததெல்லாம் காத்துக் கெடக்குது, அதான் நிக்குது. நீங்க ஓட்டுன ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இன்னுங் கொஞ்சம் போயிருக்கும்."

"சாகக் கெடக்கறவனை எழுப்பி எழுப்பி, நல்லா இருக்கறயான்னு கேட்டிருக்கிற" என்றேன் நான்.

ராஜி டிஸ்க்கைக் கழற்றித் தன் கடைக்கு எடுத்துப் போனாள். நாங்களும் போனோம். அங்கே வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாள்.

"மொதல்ல எது வேணும்? ஒண்ணு எடுக்கறதுக்குத் தாங்கும். அடுத்ததுக்குத் தாங்குமான்னு சொல்ல மாட்டேன்."

தங்கவேலு வாயைத் திறந்தான், மூடினான். எனக்குத் தெரியும். அவன் மகள் தவழ்ந்தது, பல் விழுந்து சிரித்தது, எல்லாம் அதற்குள்தான். பெண்டாட்டி சிரிக்கிறதும் அதில்தான் இருக்கிறது. வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மகாலட்சுமி கல்யாணம்" என்றான்.

திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நகர்ந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கொஞ்சம் போகும், நின்றுவிடும். அது நின்றால் இவன் எழுந்துவிடுவான்.

"ஏனுங் ராஜி, நின்னுருச்சுங்க. நிறுத்தி மறுக்காப் போடலாங்களா?"

"நிக்கல. முட்டிட்டிருக்குது. கை வெச்சீங்கன்னா வெளிய போயிருங்ணா."

அவன் கை மேசைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. நான் எதிர்க்கடைக்குப் போய்ப் பச்சைப் பட்டாணி வாங்கி வந்து அவன் மடியில் கொட்டினேன். "உரி. தலையைத் தூக்குனீன்னா காதைத் திருகுவேன்."

உரித்தான். உரிப்பான், பார்ப்பான். மத்தியானம் மழை வலுத்துக் கரண்டு போயிற்று. எங்கள் குந்தா வட்டாரம் முழுக்க ஆற்றைத் தடுத்துக் கரண்டு எடுக்கிறார்கள், இருந்தும் நாலு தூறல் போட்டால் எங்களுக்கு இருட்டு. பேட்டரிப் பெட்டி கீ கீ என்று கத்தியது. இவன் எழுந்த வேகத்தில் பட்டாணியெல்லாம் தரையில் ஓடியது.

"பேட்டரி தாங்குங்ளா? தாங்காதுன்னா இப்பவே நிறுத்திரலாங்க!"

"உக்காருங்ணா!" ராஜி கடையில் இருந்த மற்றதையெல்லாம் அணைத்தாள். அந்த ஒரு திரை வெளிச்சத்தில் நான் பட்டாணி பொறுக்கினேன். அவன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். அவன் கை அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கரண்டு வந்தது. சாயங்காலம் கோடும் முடிந்தது. ராஜி அடுத்ததாக அவன் மகளுடையதை எடுக்கப் போனாள். டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு அடங்கிவிட்டது.

சொல்லியனுப்பியதும் மகாலட்சுமி ஓடி வந்தாள். படத்தில் வெள்ளியங்கிரி வாசலில் நின்று வேட்டியை இழுத்துக் கட்டினார். குனிந்திருந்த மகள் தலையை ஒரு தரம் பார்த்தார். கையைப் பிடித்தார். நாலு அடி வைத்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றது. அப்புறம் ஒரு குதி. மணமேடைப் பக்கம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நடுவுல கொஞ்சம் போயிருச்சும்மா" என்று தங்கவேலு எழுந்தான். "வேற ஒரு சாப்ட்வேர் இருக்குது. அதை ஓட்டுனா..."

"விடுங்ணா." அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வந்து சேந்துட்டாருல்ல. மறுக்கா மொதல்ல இருந்து போடுங்க."

அந்த டிஸ்க்கை ராஜி ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள். பெங்களூரில் இதற்கென்று ஆள் இருக்கிறார்களாம். மகள் படம் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அதுவரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக்கூடாது, திறந்தால் அத்தோடு சரி என்றாள்.

வீட்டு வாசல் வந்ததும் அவன் அந்த உறையை என்னிடம் நீட்டினான்.

"அக்கா, இது உங்க ஊட்ல இருக்கட்டுங்க. என்றகிட்ட இருந்தா தொறந்துருவேன்."

அரிசி டின்னுக்கு மேலே வைத்திருக்கிறேன். பீரோவில் வைக்கவில்லை. தினமும் காலையில் சுவரைத் தட்டிக் கேட்கிறான்.

"இருக்குதுங்ளா?"

"இருக்குது. போய் வேலையைப் பாரு."