ஃப்ளஷ் போட்ட வானும் ஒயில் லைட்டும்

1. ரெலிபோன்

பகல் இரண்டு மணி தாண்டியிருக்கும். கராஜ் ரெலிபோன் அடித்தது, முதலாளி எடுத்தார். நான் அவருக்கு ஒரு கை தூரத்தில், வண்டிக்கு என்ன வேலை என்று குறிக்கும் ஜொப் கார்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஒயில் லைட்டோ? மினுங்குதோ? அது ஒண்டுமில்லை அண்ணை. ஃப்ளஷ் போட்டு ஒயில் மாத்தினா ரெண்டு நாளைக்கு அப்பிடித்தான். பயப்படாம ஓடுங்கோ."

வைத்துவிட்டார். யார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதில் பிழை என்பது எனக்குத் தெரியும். எஞ்சினுக்குள் ஒயில் அழுத்தம் விழுந்தால்தான் அந்த லைட் பற்றும். ஆனால் அவர் இப்படிச் சொல்வதைப் பலமுறை கேட்டுப் பழகியிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் மகளின் அழைப்பு வந்தது.

"அம்மா, வெள்ளவத்தைப் பாலத்தில ஸ்கூல் வான் டக்கெண்டு நிண்டுட்டுது. பின்னால பஸ் இடிச்சிட்டுது. எனக்கு ரத்தம் வருதம்மா."

2. தகர டின்

கொட்டாஞ்சேனையில் அந்தக் கராஜில் பதினான்கு வருடம் சேர்விஸ் மேசையில் இருந்தேன். ஓட்டோமொபைல் டிப்ளோமா படித்துவிட்டு வந்தவள்.

பெற்றோல் தட்டுப்பாட்டின்போது சனம் கான்களில் பெற்றோலைச் சேர்த்து வைத்தது. பழைய பெற்றோல் பிசின்போலப் படிந்து ஜெனரேட்டர்களும் ஸ்கூட்டர்களும் ஸ்டார்ட் ஆக மறுத்தன. தகர டின்னில் வரும் கிளீனரை டாங்கில் கொஞ்சம் ஊற்றி ஓடவிட்டோம். பல எஞ்சின்கள் சரிவந்தன. மெல்லிய படிவுதானே, கரைந்தது. கரையாதவற்றின் காபரேற்றரைக் கழற்றிக் கழுவினோம். அது ஒழுங்கான வேலை.

அதிலிருந்து முதலாளிக்கு டின் பைத்தியம் பிடித்தது. டின்னில் எல்லாம் சுகமாகும் என்று நம்பினார். ஜொப் கார்ட்டிலேயே 'எஞ்சின் ஃப்ளஷ்' என்று அச்சடித்து, எல்லா வண்டிக்கும் டிக் போடச் சொன்னார்.

ஃப்ளஷ் என்பது ஒரு டின் கிளீனரைப் பழைய ஒயிலோடு ஊற்றி, வண்டி நின்றபடியே பத்து நிமிடம் எஞ்சினை ஐட்லில் ஓடவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வடிப்பது. நேரத்துக்கு ஒயில் மாற்றிய எஞ்சினுக்கு அதனால் கெடுதல் இல்லை. வருடக்கணக்காகக் கரி கட்டிய எஞ்சினில், கரி முழுதாகக் கரையாது. கட்டி கட்டியாகப் பெயர்ந்து, கீழே ஒயில் தேங்கும் சம்பில் ஒயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும். பிறகு மேலே ஒயில் ஏறாது, எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

3. நான் போட்ட டிக்

அந்த ரெலிபோன் வந்ததற்கு முதல்நாள் மகளின் பள்ளிக்கூட வான் சேர்விஸுக்கு வந்தது. ஓட்டுநர் செல்வண்ணை எங்கள் ஒழுங்கையில் இருப்பவர். மெக்கானிக் நவாஸ் ஒயில் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க பாருங்க. தார் மாதிரி ஈக்கி."

முதலாளியிடம் போனேன். "சேர், இதுக்கு ஃப்ளஷ் வேண்டாம். சம்பைக் கழட்டிக் கழுவுவம். ஒரு நாள் வான் நிக்கட்டும்."

"ஒரு நாள் நிண்டா அந்தாள் வேற கராஜுக்குப் போயிடும். மிஸ், டிப்ளோமாவை வீட்டில சுவரில மாட்டுங்கோ. இங்க கார்ட்டில டிக் போடுங்கோ."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. டிக் போட்டேன். என் பிள்ளை ஏறிப் போகும் வான் என்று தெரிந்துகொண்டே போட்டேன்.

4. களுபோவில

கொட்டாஞ்சேனையிலிருந்து களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போன அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மகள் கடைசிச் சீட்டில் இருந்தவள். பின் கண்ணாடி உடைந்து புருவத்துக்கு மேலே வெட்டியிருந்தது. நான்கு தையல். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டொக்டர். மற்றப் பிள்ளைகளுக்குச் சிராய்ப்புத்தான்.

இன்றைக்கும் வீதியில் பஸ் பிரேக் சத்தம் கேட்டால் மகளுக்கு ஒரு அழைப்பு எடுக்கிறேன்.

5. வலை

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். வானை இழுத்து வந்திருந்தார்கள். எஞ்சின் இறுகிக் கிடந்தது. முதலாளி செல்வண்ணைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பழைய எஞ்சின் அண்ணை. ஆயுள் முடிஞ்சுது. நாங்க என்ன செய்யிறது?"

நான் உள்ளே போய் நவாஸிடம் சம்பைக் கழற்றச் சொன்னேன். அவர் உடனே ஸ்பனரை எடுத்தார். வலை முழுக்கக் கரிக்கட்டி அடைத்திருந்தது. விரல் நுழைக்க இடமில்லை. அதை அப்படியே கையில் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தேன்.

"மிஸ், உள்ள கொண்டு போங்கோ. கஸ்டமர்மார் நிக்கினம்."

"நிக்கட்டும் சேர். அவையளும் பாக்கட்டும். என்ர பிள்ளையின்ர நெத்தியில நாலு தையல். இது ஆயுள் முடிஞ்ச எஞ்சினில்லை, நாங்க அடைச்ச எஞ்சின்."

வலையைச் செல்வண்ணையின் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதலாளியை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டார்.

"நான் கொள்ளுப்பிட்டியில வானை ஓரங்கட்டிப்போட்டு, கேக்கிறதுக்கெண்டுதானே தங்கச்சி போன் எடுத்தனான்? நிப்பாட்டு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்து கேட்ட ரெலிபோன் அவருடையது. முதலாளிமேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மற்றப் பாதி இன்றுவரை என்மேலேயே இருக்கிறது.

6. இப்போது

அந்த மாதமே விலகினேன். இப்போது கிருலப்பனையில் வேறொரு கராஜ். அங்கேயும் டின்கள் இருக்கின்றன, நானும் பாவிக்கிறேன். ஆனால் மூடியைத் திறந்து உள்ளே பார்க்காமல் எந்த எஞ்சினுக்கும் ஃப்ளஷ் எழுதுவதில்லை. கரி கட்டியிருந்தால் சம்பைக் கழற்றுவோம். நேரமில்லை என்பவர் வேறு இடம் போகலாம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பிழையான பதிலைப் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், அந்தப் பதில் நீங்கள் சொன்னதுதான்.

இங்கே சேர்ந்த முதல்நாளே ரெலிபோனை என் மேசைக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கினேன். ஒயில் லைட் என்று யாராவது தொடங்கினால் பேர் கேட்பதில்லை, வண்டி நம்பர் கேட்பதில்லை.

"முதல்ல எஞ்சினை ஓஃப் பண்ணுங்கோ. பிறகு கதைப்பம்."