வலது கால் மட்டும் போதும்

அப்பா கோயிலுக்குப் போவார். உள்ளே போக மாட்டார்.

சர்ச்சில் ஞாயிறு காலைப் பூசைக்கு அம்மாவும் நானும் உள்ளே போய்ப் பாயில் உட்காருவோம். அப்பா முற்றத்தில் பலாமரத்தடியில் நிற்பார். அங்கே வேறு ஆண்களும் நிற்பார்கள். பீடி பிடிப்பார்கள், பேசிச் சிரிப்பார்கள். அப்பா அதுவும் செய்ய மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே மணி அடித்தால் மண்ணில் முழங்கால் போடுவார். பூசை முடிந்ததும் எங்களோடு வீட்டுக்கு நடப்பார்.

திருவனந்தபுரத்தில் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் வள்ளியூர்ப் பக்கம். நான் இங்கேயே பிறந்தவள். அப்பாவுக்குக் கான்கிரீட் வேலை. நான் படித்தது மலையாளம், அதுவும் எட்டு வரைக்கும்தான். தமிழ் எழுத்து ஜெபப் புத்தகத்தைப் பார்த்துப் பழகினது.

அப்பா ஏன் உள்ளே வருவதில்லை என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். நான் பிறக்கும் முன்னே ஒரு நாள் அப்பா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தாராம். பக்கத்தில் இருந்தவர் பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து, தனக்கும் அப்பாவுக்கும் நடுவே பெஞ்சில் விரித்தார். அவ்வளவுதான். அடுத்த வாரத்தில் இருந்து பலாமரம்.

அம்மா நகை கேட்டு நான் பார்த்ததில்லை. சேலை கேட்டும் பார்த்ததில்லை. இது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒரு நாள் உள்ள வந்து இரிங்க. ஒரே ஒரு நாள்."

"இங்கயும் கேக்குது" என்பார் அப்பா.

எனக்கு ஒன்பது வயதில் கோயிலுக்கு ஒரு புதிய அச்சன், அதாவது பாதிரியார், வந்தார். மலையாளி. தமிழ்நாட்டில் படித்தவராம், தமிழ் பேசுவார். அது தமிழ்தான் என்று அவர் சொன்னதால் நாங்களும் ஒத்துக்கொண்டோம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் தரையில் உட்கார்ந்தார். அம்மாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஸ்டூலில் டீயை வைத்தாள்.

"அண்ணாச்சி, பெரிய வியாழக்கிழமை கோயிலுக்கு வரணும்" என்றார் அச்சன்.

"எந்த இடத்துல ஒழுகுது சாமி?" என்றார் அப்பா.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதுவரை கோயிலில் இருந்து அப்பாவைக் கூப்பிட்டதெல்லாம் கக்கூஸ் தரை பெயர்ந்தபோதும் கல்லறை மதில் சாய்ந்தபோதும்தான்.

அச்சன் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். "ஒண்ணும் ஒழுகல. நான் உங்க காலைக் கழுவணும்."

பெரிய வியாழன் சாயங்காலம் பன்னிரண்டு பேரை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து அச்சன் கால் கழுவுவார். இயேசு சீடர்களுக்குச் செய்தது. எங்கள் கோயிலில் அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. கமிட்டிக்காரர்கள், ரிட்டயர் ஆன ஆபீசர்கள். எல்லாம் ஜரிகைக் கரை வைத்த கசவு வேட்டி. ஒருத்தர் செத்துப்போனால் அவர் மகன் அந்த நாற்காலியில் உட்காருவார். லைன் வீட்டில் இருந்து ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை.

"வேண்டாம் சாமி. என் கால் நல்லா இருக்காது."

"நான் என்ன, பொண்ணு பார்க்கவா வந்திருக்கு? நீங்க வந்தா மதி, அது போதும்."

அப்பா வாயைத் திறக்கும் முன்னால் அம்மா, "வருவாங்க சாமி" என்று சொல்லிவிட்டாள்.

அன்று இரவே மாமாவுக்குச் சேதி போனது. மாமா அம்மாவின் தம்பி. தம்பானூரில் ஒரு ஹோட்டலில் டீ போடுகிறவர். உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. வந்து அப்பாவின் காலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். சிமெண்டு தின்ற கால். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் சிமெண்டு. இடது பெருவிரலில் நகம் இல்லை. பலகை விழுந்து போனது.

"அக்கா, இது ரோடு போட வேண்டிய கேஸு."

"லே, விளையாடாத. நாள் கம்மியா இருக்கு."

"பேடிக்காண்டாம், பயம் எதுக்கு? எங்க முதலாளி வேற கோயில்ல இதுக்கு இருந்த ஆளு. நான் கூடப் போயிருக்கேன். அச்சன் ஒரு காலைத்தான் கழுவுவாரு. வலது கால். இடது காலை ஆரு பாக்கப் போறா? வலது கால் மட்டும் போதும்."

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. இருக்கிற நாளுக்கு ஒரு கால்தான் ஆகும்.

மறுநாள் முதல் அப்பா வேலை முடிந்து வந்தால் வலது காலை வெந்நீரில் வைப்பார். அம்மா கல்லுப்புப் போடுவாள். தேங்காய் நாரால் தேய்ப்பாள், பிறகு நுரைக்கல், பிறகு எலுமிச்சைத் தோல். கடைசியில் தேங்காய் எண்ணெய் பூசிப் பிளாஸ்டிக் கவரில் கட்டுவாள். அப்பா அந்தக் காலை வேறு யாருடையதோ போலத் தள்ளி நீட்டிவைத்துத் தூங்குவார். இடது கால் பக்கத்தில் சும்மா கிடக்கும்.

வேலைக்குப் போனால் மறுபடி சிமெண்டு பிடிக்குமே. மாமா எங்கிருந்தோ ஒரு ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்தார். வலது கால் பூட்ஸ் மட்டும். அப்பா ஒரு காலில் பூட்ஸும் ஒரு கால் வெறுங்காலுமாக வேலைக்குப் போனார்.

பக்கத்து வீட்டு பாய் அண்ணன் அப்பாவோடு ஒரே சைட்டில் வேலை செய்கிறவர். சாயங்காலம் வந்து நடந்ததைச் சொல்வார். சைட்டில் அப்பாவுக்கு அப்போஸ்தலர் என்று, இயேசுவின் சீடர்களுக்குச் சொல்கிற பேரை, வைத்துவிட்டார்களாம். "அப்போஸ்தலரே, சட்டி பிடியும்." "அப்போஸ்தலரே, மெட்டல் ஜல்லி தீர்ந்துபோச்சு, ஒரு அற்புதம் செய்யும்." அப்பா சட்டியைப் பிடிப்பாராம்.

புதன்கிழமை வலியசாலையில் ஒரு வீட்டுக்கு வார்ப்பு வந்தது. மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுவதை இங்கே வார்ப்பு என்பார்கள். தொடங்கினால் முடிக்காமல் நிறுத்த முடியாது. போக வேண்டாம் என்று அம்மா கெஞ்சினாள். ஆள் குறையும் என்று அப்பா போனார். வரும்போது இடது கால் கணுவுக்கு மேலே வரை சாம்பல் நிறம். வலது காலைப் பூட்ஸில் இருந்து உருவினார். குளித்து வந்த குழந்தை மாதிரி இருந்தது.

அம்மா வலது காலைத்தான் பார்த்தாள். "போதும்" என்றாள்.

வியாழன் சாயங்காலம் அப்பா உள்ளே வந்தார். பக்கவாசல் வழியாக வந்து முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா என் கையைப் பிடித்தாள். வலித்தது. அப்பா வேட்டியை இடது பக்கம் தழைய விட்டு, இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துவைத்துக்கொண்டார். வலது காலை முன்னால் நீட்டி வைத்திருந்தார். அதற்கு என்று செய்த கால் அது. மாமா தூண் அருகே நின்று எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

அந்த வருஷம் கோயிலுக்கு ஒரு காலர் மைக் வந்திருந்தது. கல்ஃபில் இருந்த யாரோ வாங்கிக் கொடுத்தது. அச்சன் அங்கியில் மாட்டிக்கொண்டால் நடந்துகொண்டே பேசலாம். அதை அணைக்க அச்சனுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

பாட்டுக்காரர்கள் பாடினார்கள். அச்சன் ஒவ்வொருவர் முன்னாலும் முழங்கால் போட்டு, வலது காலைக் கழுவி, துடைத்து, முத்தம் கொடுத்து வந்தார். அப்பாவிடம் வந்தார். கழுவினார். துடைத்தார். முத்தம் கொடுத்தார். அம்மாவின் மூச்சு இறங்கியது. முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அச்சன் எழுந்திருக்கவில்லை. குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

"மத்த கால் எங்க அண்ணாச்சி? வீட்டில வெச்சிட்டு வந்தோ?"

கோயில் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது.

"உண்டு சாமி" என்றார் அப்பா. "அது இன்னும் ரெடி ஆகல."

அதுவும் கேட்டது. அச்சனின் நெஞ்சில் இருந்த மைக் அப்பாவின் குரலையும் பிடித்து, கூரை மேல் இருந்த குழாய் ஸ்பீக்கர் வரை கொண்டுபோனது. ரோட்டில் போனவர்களும் கேட்டிருப்பார்கள். முன் பெஞ்சில் யாரோ களுக் என்றார்கள். பிறகு கோயிலே சிரித்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடினாள். மாமாவைத் தூண் அருகே காணோம். எனக்குத் தரை பிளக்கக்கூடாதா என்று இருந்தது. இனி அப்பா பலாமரத்தடிக்குக்கூட வரமாட்டார் என்று நினைத்தேன்.

அச்சனும் சிரித்தார். சிரித்துவிட்டு முழங்காலை மடக்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், எங்கள் வீட்டில் உட்கார்ந்த மாதிரி. அப்பாவின் இடது காலைப் பிடித்து வெளியே இழுத்துத் தன் மடியில் வைத்தார். வெள்ளை அங்கியில் சாம்பல் பட்டது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"நான் இன்னைக்கு வேற பிரசங்கம் வெச்சிருந்து. அது வேண்டாம்" என்றார். "அண்ணாச்சி சொன்னது எல்லாரும் கேட்டு. எல்லாரும் சிரிச்சு. நானும் சிரிச்சு. இனி நான் சொல்றதையும் கேக்கணும். இவர் மட்டும் இல்ல. நாம எல்லாரும் ஒரு காலைத்தான் இங்க கொண்டு வர்றது. தேய்ச்ச கால். ஆளுக்குக் காட்டுற கால். மத்ததை நாற்காலிக்கு அடியில வைக்கும். கடவுள் பாதி ஆளைக் கூப்பிடல. முழு ஆளையும் வரச் சொல்லி. ரெடி ஆன பிறகு வான்னு சொல்லல."

காலை மடியில் வைத்தபடியே மலையாளத்திலும் சொன்னார். பிறகு மறுபடி தமிழில் சொன்னார்.

"இந்தக் கால் ஏறாத வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கு? இந்தக் கால் மிதிச்சு உண்டாக்கின கூரைக்கு அடியில நாம மழை நனையாம உறங்குறோம். இந்தக் காலை வெளியில நிறுத்திட்டு."

பிறகு கழுவத் தொடங்கினார். பெருவிரலால் தேய்த்தார். சிமெண்டு போகவில்லை.

"அது போகாது சாமி" என்றார் அப்பா. "ஒரு வாரம் நார் போடணும்." மைக் அதையும் விடவில்லை.

"அப்ப அதோட மதி" என்று அச்சன் குனிந்து, நகம் இல்லாத விரல்மேல் முத்தம் கொடுத்தார். உதட்டில் பொடி ஒட்டியது. துடைக்கவில்லை.

அடுத்த நாற்காலியில் பெரிய ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அவரைப் பார்த்தால் பயம். அச்சன் அவரிடம் வந்து வலது காலைப் பிடித்தார். அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் மைக் இருந்தது.

"அச்சோ, எனக்கும் ரண்டும் வேணும்."

இடது காலில் இருந்து வெள்ளைச் சாக்ஸைக் கழற்றினார். இரண்டு விரல் இல்லை. சர்க்கரை வியாதியில் எடுத்தது. அவர் மனைவி முன் பெஞ்சில் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு எல்லோருக்கும் இரண்டு கால் வந்துவிட்டது. ஏற்கெனவே கழுவியவர்களும் இடது காலை நீட்டினார்கள். அச்சன் முதலில் இருந்து தொடங்கினார். ஜாடியில் தண்ணீர் தீர்ந்தது. கப்பியார், அதாவது கோயில்பிள்ளை, வாளியைத் தேடி ஓடினார். அவருக்கு முன்னால் அம்மா எழுந்து போய் முற்றத்துக் குழாயில் வாளியை நிறைத்துவிட்டாள். இடுப்பில் வைத்து, நடுவழியாக, பீடத்தின் பக்கம் வரை கொண்டுபோனாள். எல்லோரும் கால் ஒதுக்கி வழிவிட்டார்கள். பாட்டுக்காரர்களிடம் வேறு பாட்டு இல்லை. அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

வெளியே வந்ததும் மாமா எங்கிருந்தோ முளைத்தார்.

"அத்தான், மைக்கில பேசுற ஆளுன்னு நான் அறியாமப் போச்சே!"

"நீ பேசாத" என்றாள் அம்மா. "வலது கால் மட்டும் போதுமாம். பெரிய போப்பு!"

"எக்கா, என்னாலதான இன்னைக்கு எல்லாருக்கும் ரெண்டு கால் கிடைச்சுது?"

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். சிரிப்பு வந்து அடி விழவில்லை. அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபமாக வந்தது. நாளைக்கு லைனில் எல்லோரும் கேலி செய்வார்களே.

"அதை எதுக்கு அவர்கிட்ட சொன்னீங்க அப்பா?"

"கேட்டாரு மகளே. சொன்னேன்."

ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசைக்குப் போனோம். அம்மாவும் நானும் பாயில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். பக்கவாசலில் இல்லை, பெரிய வாசலில். குதிகாலில் சிமெண்டு அப்படியே இருந்தது. நடுப் பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபத்தை மட்டும் தப்புத் தப்பாகச் சொன்னாள்.

அப்பாவின் தலைக்கு நேர்மேலே ஃபேன் ஓடியது. நல்ல வெயில் காலம். பலாமரத்தடியில் புழுக்கம் தாங்காமல் ஃபேனுக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பாதிப் பூசையில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது. புழுங்கியது. காற்றுக்காகச் சில ஆண்கள் எழுந்து முற்றத்துக்குப் போனார்கள். இனி அப்பாவும் எழுந்து போவார் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அவர் போகவில்லை. வேர்த்து வழிய, இரண்டு காலையும் முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார். காற்றே இல்லாத இடத்தில் இவர் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.