ட்ரையருக்குள் அடைக்கோழி

எஞ்சின் மாற்றுவது பற்றி எங்கள் மலையில் யார் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற ஆளாக நான் இருந்தேன். அது என் தொழில் இல்லை. வண்டன்மேட்டுக்குக் கீழே இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம், அதுதான் எங்களுக்குச் சோறு. எஞ்சின் எனக்குப் பைத்தியம். வீட்டுப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஒரு கொட்டகை, எஞ்சினைத் தூக்கக் கப்பியும் சங்கிலியும், ஒரு வெல்டிங் மிஷின். ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் எனக்கு வாத்தியார் என்றே பெயர். எழுதச் சோம்பல், அதனால் எல்லாவற்றையும் வாயால் பேசித்தான் அனுப்புவேன். யாராவது இடையில் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

என் மனைவியின் தம்பி கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறான். காலையில் கம்பத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி எங்கள் பக்கத்து ஏலத் தோட்டங்களில் இறக்கிவிடுவான். வேலை முடிந்ததும் அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குவான். பத்துப் பேர் உட்கார்ந்தாலே நெருக்கும் வண்டியில் பதினாலு பேர் இருப்பார்கள், பதினாலு தூக்குவாளியும் இருக்கும். அந்த ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் போன மழையில் கைவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு பழைய சரக்கு வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் கிடைத்தது. நானே மாற்றித் தருகிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

டீசல் எஞ்சின் பழையதைவிட ஒரு ஆள் கனம் கூடுதல். ஜீப்பின் அடிச்சட்டத்தில் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் ரப்பர் கட்டை போட்டு எஞ்சினை உட்கார வைக்க வேண்டும். அந்த இரண்டு வெல்டிங்தான் எல்லாம். அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சில்லறை வேலை.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி எரியாது. வெல்டிங் ராடும் அப்படித்தான். அதன் மேல்பூச்சு ஈரத்தை இழுத்துக்கொண்டால், பற்றவைத்த இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டை விழும். அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. ஏலக்காய் உலர்த்தும் ட்ரையர் அறையில், காய் பரப்பும் தட்டுகளுக்கு மேலே, கடைசி அடுக்கில் ராடு பாக்கெட்டை வைத்துவிடுவோம். வெளியே அடுப்புவாயில் விறகு எரியும், சூடு குழாய் வழியாக அறைக்குள் போகும். ராத்திரி முழுக்கக் காய் காயும்போது ராடும் காயும். சமவெளியில் யாருக்கும் இந்த வசதி இல்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பற்றவைத்த அன்று காலை ட்ரையர் அறைக்குள் போய் பாக்கெட்டை எடுத்தேன். அறை குளிர்ந்து கிடந்தது. ராத்திரி எரிந்து விடியலில் அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். ஒரு கையில் போனைப் பிடித்துக் குழுவுக்குப் பேசிக்கொண்டிருந்தேன், நினைக்க நேரமில்லை. தோட்டமும் ட்ரையரும் மனைவியின் பாடு. காய் எடுத்தார்களா, உலர்த்தினார்களா என்று நான் கேட்டே மாதக்கணக்காகிறது.

அன்று ராடு படபடவென்று பொரிந்தது. இரும்பில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கரண்ட் கம்மி என்று கரண்டைத் திட்டினேன். முடித்த கையோடு கறுப்புப் பெயிண்ட் அடித்தேன், அதன்மேல் மச்சினன் சந்தனமும் குங்குமமும் வைத்தான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கினோம். சாவியை ஒரு திருகு திருகியதும் எஞ்சின் உயிர்பெற்றது. நான் ராஜா மாதிரி நின்றேன்.

பத்து நாள் கழித்து, மதியம் மூன்றரை மணி இருக்கும். புது ராடு பாக்கெட் ஒன்றை வைக்க ட்ரையர் பக்கம் போனேன். அடுப்புவாய்க்குள் ஏதோ கீச்கீச்சென்றது. குனிந்து பார்த்தேன். சாம்பல்மேல் விரித்திருந்த சாக்கில் எங்கள் வீட்டுச் சிவப்புக் கோழி உட்கார்ந்திருந்தது. அதன் இறகுக்கடியிலிருந்து ஒரு குஞ்சு தலையை நீட்டியது. பக்கத்தில் உடைந்த முட்டை ஓடுகள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு எண்ணினேன். கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள். நான் பற்றவைத்துப் பத்து நாள். இருபத்தொரு நாளாக இந்த அடுப்பில் தீ இல்லை.

 ஆனாலும் நான் நம்ப மறுத்தேன். ராடு பாக்கெட்டில் பாலிதீன் உறை இருந்ததே, ஈரம் ஏறியிருக்காது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். மீதமிருந்த ராடில் ஒன்றை எடுத்து, இரண்டு பழைய இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்து, ஆறவிட்டு, வைஸ் பிடியில் இறுக்கிச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடியில் பிரிந்தது. உடைந்த வாய் முழுக்க ஆப்பம் மாதிரி ஓட்டை.

இந்தச் சோதனைக்குக் கால்மணி நேரம் போயிற்று. அந்தக் கால்மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசும். ஏனென்றால் ஜீப் மலையிறங்கும் நேரம் அது. என் மனைவியும் அன்று அதில்தான் போனாள், கம்பத்தில் இருக்கும் அவள் அம்மாவைப் பார்க்க, முன்சீட்டில், தம்பிக்குப் பக்கத்தில்.

அவளுக்குப் போன் போட்டேன். பரிதிக்குப் புறத்தாணு, அதாவது தொடர்பு எல்லைக்கு வெளியே என்று, எங்கள் பக்கத்து நெட்வொர்க்கில் பேசும் மலையாளப் பெண் சொன்னாள். மச்சினனுக்குப் போட்டேன். அவளேதான் சொன்னாள், அதே நிதானத்தில். மலைப்பாதையில் சிக்னல் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏழெட்டு முறை போட்டேன். பிறகு பைக்கை எடுத்தேன்.

என்ன நடக்கும் என்று தெரியாதவனுக்குப் பயம் ஒரு மடங்கு, தெரிந்தவனுக்குப் பத்து மடங்கு. மலையிறக்கத்தில் வண்டியைச் சின்ன கியரில் பிடித்துத்தான் இறக்குவார்கள், அப்போது முழு பாரத்தையும் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். வலது தாங்கி பிய்ந்தால் எஞ்சின் வலப்பக்கம் சாயும். அங்கேதான் ஸ்டியரிங் தண்டு போகிறது. எஞ்சின் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் வண்டியைத் திருப்ப முடியாது. இதை ஒருமுறை குழுவில் யாருக்கோ படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்தப் படம் கம்பம்மெட்டு செக்போஸ்ட் வரைக்கும் என் கண்முன்னாலேயே வந்தது.

செக்போஸ்டில் நின்றவரிடம் ஜீப் போய்விட்டதா என்று கேட்டேன். எந்த ஜீப் என்றார். அந்த நேரத்தில் இறங்குவதெல்லாம் ஜீப்தான். வளைவுகள் தொடங்கின. மழை இல்லை, ஆனால் மூடுபனி ரோட்டுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச்சுவர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு வளைவில் சுவர் இடிந்திருந்தது. பைக்கை நிறுத்திக் கிட்டே போய்ப் பார்த்தேன். இடிந்த இடத்தில் பாசி படிந்திருந்தது. பழைய இடிசல். சாமியைக் கும்பிட்டேனா திட்டினேனா என்று நினைவில்லை.

அந்த வழி முழுக்க நான் ஒரு முகத்தைத்தான் நினைத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த பதினாலு பேரை ஒரு தரம்கூட நினைக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் பெண்கள் ரோட்டோரம் நிற்பது தெரிந்தது. தலையில் கட்டிய துண்டும் கையில் தூக்குவாளியுமாக, எல்லோரும் ஒரே பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்த திசையில் பள்ளம் இருந்தது. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை.

அவர்கள் பார்த்தது பள்ளத்தை இல்லை. சுவரை ஒட்டி ஜீப் நின்றது. அதன் அடியிலிருந்து மச்சினனின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கணம் அந்தக் கால்களை மட்டும் பார்த்துவிட்டு நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒரு கால் அசைந்து செருப்பைத் தேடியது.

என் மனைவி முன்சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். முழுசாக இருந்தாள். வயதான ஒரு தொழிலாளி அம்மா தூக்குவாளி மூடியில் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"எங்களுக்கு ஒன்னும் ஆகல தம்பி. மொதல்ல நீங்க இதக் குடிங்க" என்றார்.

குடித்துவிட்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்தேன். வலது தாங்கி அடிச்சட்டத்திலிருந்து பிய்ந்து தொங்கியது. கறுப்புப் பெயிண்டும் குங்குமமும் அப்படியே இருந்தன, உள்ளே ஆப்பம். ஆனால் எஞ்சின் சாயவில்லை. மரக்கட்டை இழுக்கிற கனத்த சங்கிலி ஒன்று எஞ்சினைச் சுற்றி அடிச்சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. அந்தச் சங்கிலியை நான் போடவில்லை.

"இது என்ன மாப்ள?"

"டங்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு மாமா. ஒடனே ஓரங்கட்டிட்டேன்."

"சங்கிலியக் கேக்குறேன்."

 துணியால் கையைத் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். கடைசியில், "வண்டிய எடுத்துட்டுப் போன அன்னைக்கே போட்டுட்டேன் மாமா. அக்காதான் போடச் சொல்லுச்சு" என்றான்.

வெளியே வந்து அவளைப் பார்த்தேன்.

"ராடு காயலங்க" என்றாள். "மழையில காய் அழுகுதுன்னு பச்சையாவே வித்துட்டேன். ட்ரையர் எரிக்கவே இல்ல. அடுப்பு சும்மாதான கெடக்குதுன்னு கோழிய அடைக்கு வெச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. கையக் காட்டுனீங்க."

"மறுபடி சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க. வண்டிய நிறுத்தினா இவங்களுக்கெல்லாம் வேலை போவும். அதான் இவன்ட்ட சங்கிலி போட்டுக்கடான்னேன்."

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைப்பானேன். இத்தனை பேர் உயிரைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டீர்களே என்று இரண்டு பேரையும் கேட்க வாயெடுத்தேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? என் மூஞ்சிக்குப் பயந்து இரண்டு பேர் ஒரு சங்கிலியை நம்பியிருக்கிறார்கள்.  கீழிருந்து ஏறி வந்த லாரிக்காரரிடம் சொல்லியனுப்பி வேறு ஜீப் வரவழைத்தோம். பெண்கள் இரண்டு நடையாக இறங்கினார்கள். கடைசி ஆள் ஏறும்வரை இந்த முறை நான் எண்ணினேன்.

வீட்டுக்கு வந்ததும் குழுவைத் திறந்து, பற்றவைத்த அன்று காலை ட்ரையர் அறையில் நின்று நான் பேசி அனுப்பிய குரலைப் போட்டுக் கேட்டேன். மழைக்காலத்தில் ராடை ட்ரையரில் வைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு பற்றவைக்கலாம் என்று கணீரென்று பேசுகிறேன். நடுவில் தூரத்திலிருந்து அவள் குரல் வருகிறது. "ஏங்க, ட்ரையர் எரிச்சே நாளாச்சு." பிறகு என் குரல், "ச்சு, இரு." பிறகு மறுபடி உபதேசம். அதன் கீழே பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

பயம் அப்போதுதான் மறுபடி ஏறியது. எழுதிப் போட்டால் யார் பார்ப்பார்கள், யார் பார்க்கமாட்டார்கள் என்று தெரியாது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். என் வெல்டிங் பிய்ந்துவிட்டது என்று பதினாறு பேரிடம் சொன்னேன். நாலு பேர் அதே மாதிரி ராடு வைத்திருந்தார்கள், உடைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். பதினேழாவது ஆள் ஏலத் தோட்டத்துக்காரர், நேரில் பார்த்ததில்லை. அவரும் தொழிலாளிகளை ஏற்றுகிற ஜீப்புக்குத்தான் எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் எண்ணுக்குப் போட்டால் பரிதிக்குப் புறத்தாணு. அன்றும் அதுதான், மறுநாளும் அதுதான். 

மூன்றாம் நாள் எடுத்தார். கல்யாணத்துக்குத் தேனிப் பக்கம் போய் போனைத் தண்ணீரில் போட்டுவிட்டாராம். விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை.

"எனக்குத் தெரியும்ண்ணே" என்றார். "அந்த ஆடியோவுல பின்னாடி அக்கா ட்ரையர் எரியலன்னு சொன்னாங்கல்ல? அதக் கேட்டுட்டுத்தான் எங்க ட்ரையர் எரியுதான்னு போய்ப் பாத்தேன். எரியல. ராடைத் தூக்கிப் போட்டுட்டேன். அக்காகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க."